ஷவர் கண்ணாடியில் படியும் சோப்புக் கறை: வேலூர் வட்டாரத்து அனுபவங்கள்

காட்பாடி, காந்தி நகரிலிருந்து:

எங்கள் வீட்டில் காவிரிக் கூட்டுக் குடிநீர் சமையலுக்கும் குடிப்பதற்கும் மட்டுமே போதும். குளிப்பதும் துவைப்பதும் போர் தண்ணீரில்தான். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்திருக்கிறது. எங்கள் போர் தண்ணீரைச் சோதித்தபோது அது அந்த மேல்வரம்பையும் தாண்டியிருந்தது. இடுப்பளவு உயரம் வரை கண்ணாடித் தடுப்பு வெளுத்து, எதிர்ச் சுவரின் டைல்ஸ் கோடுகூடத் தெரியாமல் போயிற்று.

நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தபோது காரணம் விளங்கியது. முதலில் மெழுகைப் போன்ற வெள்ளைச் செதில் நகக்கண்ணில் சுருண்டு வந்தது. அதற்கடியில் நகத்துக்கு அசையாத சொரசொரப்பு இருந்தது. மேலே இருப்பதுதான் சோப்புக் கறை. சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தோடு நீரின் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து, நீரில் கரையாத பொருளாகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்கிறது. அடியில் இருப்பது, நீர் காய்ந்த இடத்தில் தங்கிவிடும் சுண்ணாம்பு உப்பு. வெறும் வினிகர் அந்தச் சுண்ணாம்பைக் கரைக்கும். ஆனால் சோப்புக் கறையை மறுபடியும் கொழுப்பாக மாற்றிக் கண்ணாடியிலேயே விட்டுவிடும். அந்தக் கொழுப்பை அகற்றப் பாத்திரம் கழுவும் திரவம் தேவை. ஆகவே இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் வேலை முடியும் என்பது என் உறுதியான கருத்து.

வெதுவெதுப்பான நீர் ஒரு லிட்டரில், வினிகருக்குப் பதிலாக, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தரும் சிட்ரிக் அமிலம் 50 கிராமைக் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி சேர்க்கிறேன். நம் ஊர் வெயிலில் தெளித்த நீர் நொடியில் காய்ந்துவிடுவதால், பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, கரைசலில் நனைத்துக் கண்ணாடியோடு ஒட்டி, இருபது நிமிடம் ஊறவிட்ட பின் ஸ்பாஞ்சால் துடைக்கிறேன். ஸ்பாஞ்ச் முதலில் இழுத்துப் பிடிக்கும். கறை விட்ட இடத்தில் சட்டென்று வழுக்கும். வழுக்காத இடத்தில் மீண்டும் ஊறவைக்க வேண்டுமே தவிர, அழுத்தித் தேய்க்கக் கூடாது. சமையல் சோடாவையும் வினிகரையும் கலக்கச் சொல்பவர்கள் பலர்; அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால், நுரை அடங்கியபின் கறையைக் கரைக்கும் வலு அதில் பெரிதாக இருப்பதில்லை.

சி.எம்.சி. மருத்துவமனை அருகே ஒரு தங்கும் விடுதியின் பராமரிப்பாளர்:

சிகிச்சைக்கு வருவோரின் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்குவதால், எங்கள் அறைகளில் கறை இறுகிய பிறகே கண்ணாடியைத் தொட முடிகிறது. நான் பொறுப்பேற்பதற்கு முன்பு கழிப்பறை ஆசிட்டை ஊற்றித்தான் துடைத்திருக்கிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமான அது கறையோடு சேர்த்துப் பிற பொருள்களையும் தின்றுவிட்டது: கண்ணாடியைப் பிடிக்கும் கிளாம்ப்புகளின் குரோமியப் பூச்சு பொரிந்து, டைல்ஸ் இணைப்பிலிருந்த சிமென்ட் குழி விழுந்து, கீழே பதித்த கடப்பைக் கல் பொலிவிழந்து கிடந்தது. கடப்பைக் கல்லே சுண்ணாம்புக் கல் வகை என்பதால், காட்பாடி நண்பர் சொன்ன மென்மையான கரைசலைப் பயன்படுத்தும்போதுகூடக் கீழே துணி விரித்து, வடிவதை உடனே கழுவிவிட வேண்டும்.

இன்னொன்றைப் பணியாளர்களிடம் ஒவ்வொரு மாதமும் சொல்கிறேன். பிளீச்சிங் பவுடர் தூவிய தரையில் எந்த அமிலமும் படக் கூடாது. படுமானால் குளோரின் வாயு வெளிவரும். ஜன்னல் இல்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. முதலில் இந்த எச்சரிக்கை; கறை நீக்கும் வேலையெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

ஆற்காட்டிலிருந்து:

எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல் இன்றும் வழக்கத்தில் இருக்கிறது, அந்த நாளில் தெறிக்கும் நல்லெண்ணெயின் மேல் சோப்புக் கறை இன்னும் கெட்டியாகப் படிகிறது. ஆகவே அன்றைக்கு மட்டும் முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெயை எடுத்துவிடுகிறேன். மாமியார் சோப்பைத் தொடுவதில்லை. சீயக்காயும் பயத்தம் மாவும்தான். அவர் குளிக்கும் பக்கத்தில் மெழுகு போன்ற அந்தப் படலம் படிவதே இல்லை, ஏனென்றால் சீயக்காயின் நுரை கால்சியத்தோடு சேர்ந்து திரிவதில்லை. மாவு காய்ந்தால் அதுவும் ஒட்டும் என்பதால், குளித்தவுடன் தண்ணீர் ஊற்றி, ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக வழித்துவிடுகிறோம். சுண்ணாம்பு வெளுப்பைத் தடுப்பதும் அந்த வைப்பர்தான்.

சத்துவாச்சாரியில் கண்ணாடி பொருத்தும் தொழில் செய்பவர்:

இத்தனையும் செய்து, காய்ந்த கண்ணாடியில் நகம் தடையின்றி வழுக்கியும் மங்கல் போகவில்லை என்றால், அது கறையன்று. கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டுவிட்டது, அல்லது இரும்பு நாரால் கீறப்பட்டுவிட்டது. அதற்குச் சீரியம் ஆக்சைடு பொடியை நீரில் குழைத்து, ஃபெல்ட் பட்டை பொருத்திய இயந்திரத்தால் மெருகேற்ற வேண்டும். ஒரே இடத்தில் சூடேறினால் கண்ணாடி விரிசல் விடும் என்பதால் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வது அவசியம். நகத்தில் உணரக்கூடிய ஆழமான கீறல் என்றால் புதிய கண்ணாடி போடுவதே நல்லது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிடுகிறேன். சூடேற்றி உறுதியாக்கிய டஃபன்டு கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. அளவும் துளைகளும் சரிபார்த்து முன்கூட்டியே ஆர்டர் கொடுங்கள்.