மறுமொழி: ஸ்கங்கை ‘அகற்றுதல்’ – சரியான கலைச்சொல் எது?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நான் கேட்ட ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியிருக்கிறீர்கள். மனமார்ந்த நன்றி. கனடாவின் ஸ்கார்பரோவில் தனி வீடுகளில் வாழும் தமிழ் முதியோருக்கான இரண்டு பக்கத் துண்டறிக்கைக்காகத்தான் அந்தச் சொல்லைக் கேட்டேன். வீட்டின் பின்பக்கத்து டெக்குக்கு (மரத்தளத்துக்கு) அடியில், நாற்ற நீரைப் பீச்சும் கறுப்பு வெள்ளை விலங்கான ஸ்கங்க் குடியேறிவிட்டால், அதை வதைக்காமல் எப்படி வெளியே போகச் செய்வது என்பதுதான் செய்தி. தலைப்பில் வரும் சொல் முடிவாகாததால் அச்சு நிற்கிறது. வந்த பரிந்துரைகளைப் பற்றி என் மனத்தில் பட்டதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

> மரநாய், நீர்நாய் என்பதுபோல ‘முடைநாய்’ என்று பெயர் வைக்கலாமே.

‘முடை’ நல்ல சொல். ஆனாலும் விலங்கின் பெயரை ஸ்கங்க் என்றே விட்டுவிடுவோம். இங்குள்ள எண்பது வயது ஆச்சிக்கும் அந்தப் பெயர் தெரியும். நகராட்சியைத் தொலைபேசியில் அழைத்தால் சொல்ல வேண்டிய பெயரும் அதுதான். ஆங்கிலேயர் வட அமெரிக்காவில் வந்து இறங்கியபோது அவர்களிடமும் இந்த விலங்குக்குப் பெயர் இருக்கவில்லை. அங்கு வாழ்ந்த அல்கோங்கியன் மொழிக் குடும்பத்து மக்கள் சொன்னதைக் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். நாமும் எடுத்துக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. ஸ்கங்க் எடுத்த எடுப்பில் பீச்சுவதில்லை. முன்காலால் தரையைத் தட்டும், சீறும், வாலை உயர்த்தும். அப்போதும் நாம் விலகாமல் நெருங்கினால்தான் பீச்சும். இவ்வளவு எச்சரிக்கும் ஒரு பிராணிக்கு நாற்றத்தையே பெயராகச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

> ‘மனிதாபிமான முறையில்’ என்பது பழகிய தொடர். அது நீளம் என்றால் ‘கருணை அகற்றல்’ என்று சுருக்கலாம்.

‘கருணை அகற்றல்’ வேண்டவே வேண்டாம். தமிழில் ‘கருணைக்கொலை’ ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல். ‘கருணை அகற்றல்’ என்று படிக்கிற எவருக்கும் அடுத்த கணம் அதுதான் நினைவுக்கு வரும். ஸ்கங்கைப் பிடித்துக் கொன்றுவிடுவதும் இந்தத் தொழிலில் நடப்பதுதான்; துண்டறிக்கை தடுக்க நினைப்பதே அதைத்தான். ‘மனிதாபிமானம்’ பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். விலங்குக்கு என்ன நேர்கிறது என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை. செய்கிறவர் நல்லவர் என்பதை மட்டுமே சொல்கிறது.

இனி, எனக்கு உண்மையான வருத்தம் தருகிற சொல்லுக்கு வருகிறேன்: ‘அகற்றுதல்’. பரிந்துரைத்த பதினொரு பேரில் எட்டுப் பேர் இதை எடுத்திருக்கிறீர்கள். குப்பையை அகற்றுகிறோம், ஆக்கிரமிப்பை அகற்றுகிறார்கள். அகற்றுதல் என்றால் ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போவது என்றுதான் முதியவர் புரிந்துகொள்வார். உடனே கூண்டுக்காரரை அழைப்பார். அப்படி அழைத்ததன் விளைவை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மே மாதக் கடைசி. பக்கத்து வீட்டு டெக்குக்கு அடியில் ஒரு ஸ்கங்க். அந்த வீட்டு ஐயா பணம் கொடுத்து ஒருவரை வரவழைத்தார். துணி போர்த்திய கூண்டில் அது இரவே சிக்கியது, காலையில் கொண்டுபோய்விட்டார்கள். ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி, பிடித்த விலங்கை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் விட்டுவிட வேண்டும். எங்கே விட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் மாலை டெக்கின் பலகை இடுக்கிலிருந்து ஒரு சத்தம். பறவைக் குஞ்சு என்றுதான் முதலில் நினைத்தேன். பலகையைக் கழற்றிப் பார்த்தபோது சருகுப் படுக்கையில் நான்கு குட்டிகள். கண் திறக்கவில்லை, ஆனால் கறுப்பு உடலில் வெள்ளைக் கோடு ஒவ்வொன்றிலும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டில் அசைவு இல்லை.

ஸ்கங்க் மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் குட்டி போடும். கண் திறக்கவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதன்பிறகும் சில வாரங்கள் கழித்துத்தான் அவை தாயின் பின்னால் வரிசையாக நடந்து இரைதேடப் பழகும். இடையில் தாயை ‘அகற்றினால்’ நடப்பது இதுதான். ‘அகற்றுதல்’ என்ற சொல்லில் குட்டிகளுக்கு இடமே இல்லை.

> வேறிடத்தில் கொண்டுபோய் விடுவது நல்லதுதானே? ‘மறுகுடியேற்றம்’ என்று சொல்லலாம்.

அக்கா, நீங்கள் நல்லெண்ணத்தில் எழுதியது எனக்குத் தெரியும். ஆனால் குடியேற்றுவதற்கு அங்கே ஒரு குடியும் இல்லை. முன்பின் தெரியாத நிலத்தில், எந்த வளை காலி, எங்கே இரை என்று தெரியாமல் அது அலையும். அந்தச் செயலைத் துண்டறிக்கையில் ‘இடம்பெயர்த்தல்’ என்றே எழுதப்போகிறேன். எங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தவர்கள். அந்தச் சொல்லுக்கு அவர்களிடம் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் சரியான முறை என்ன? சொல்லை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். முதலில் வளையில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய செய்தித்தாளைக் கசக்கி வளைவாயில் தளர்வாக அடைத்துவிடுங்கள். இருந்தால், அது இருட்டியதும் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். காலையில் மண் ஒட்டிய தாள் புல்மேல் கிடக்கும். இரண்டு மூன்று இரவுகள் தாள் அசையாமல் இருந்தால் வளை காலி. வாசலில் கோதுமை மாவைத் தூவி வைத்தும் பார்க்கலாம். பூனைத் தடத்தில் நான்கு விரல்கள், நகம் தெரியாது. ஸ்கங்கின் தடத்தில் ஐந்து விரல்கள். முன்காலில் விரல்களுக்குச் சற்று முன்னால் நீண்ட நகங்கள் புள்ளி புள்ளியாய்க் குத்தியிருக்கும். தோண்டிப் பிழைக்கும் பிராணியின் நகம் அது. உங்கள் புல்தரையில் சின்னச் சின்னக் குழிகள் இருப்பதும் அது வண்டுப்புழுக்களைத் தோண்டித் தின்றதால்தான்.

ஆள் இருந்தால், டெக்கைச் சுற்றி அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை அடிக்க வேண்டும். மண்ணுக்குள் ஏறக்குறைய ஓரடி இறக்கி, அங்கிருந்து வெளிப்பக்கமாக இன்னும் ஓரடி மடித்துப் புதைக்க வேண்டும். தோண்டி வருகிற நகம் அந்த மடிப்பில் முட்டி நின்றுவிடும். வளைவாய் ஒன்றை மட்டும் விட்டு, அங்கே ஒருவழிக் கதவைத் தொங்கவிட வேண்டும். (‘ஒருவழிக் கதவு’ என்பதை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவழிப் பாதை தெரிந்தவருக்கு அது தானே விளங்கும். துண்டறிக்கையில், மீன் பிடிக்கும் பறியைத் திருப்பி வைத்தது போல என்று ஒரு வரி சேர்க்கிறேன். பறிக்குள் போன மீன் திரும்ப முடியாது. இதில் வெளியே வந்த ஸ்கங்க் உள்ளே திரும்ப முடியாது.) சில இரவுகள் கழிந்து, உள்ளே எதுவும் இல்லை என்று உறுதியானதும் கதவை எடுத்துவிட்டு அந்த வாயையும் அடைக்க வேண்டும். யாரும் அதைத் தொடவில்லை, தூக்கவில்லை. தன் இருப்பிடத்துச் சுற்றுவட்டத்திலேயே வேறு வளைக்கு அது தானாகப் போய்விடும்.

இதில் உயிர்நாடி வரிசைதான். முதலில் போக விட வேண்டும், பிறகுதான் அடைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளேயே பட்டினி கிடந்து சாகும். ஆகவே அந்த வரிசை சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தமிழுக்கு இது கைவந்த வேலை. கண்டு-பிடிப்பு, எடுத்துக்-காட்டு, விட்டுக்-கொடுப்பு: முன்னது எச்சம், பின்னது செயல். முதலில் நடப்பது முதலில் நிற்கிறது.

என் பரிந்துரை: விட்டடைப்பு.

வினையாக்கவும் எளிது. ‘ஆகஸ்டில் விட்டடைத்தோம்’, ‘குட்டி இருக்கும்போது விட்டடைக்கக் கூடாது’. ஸ்கங்குக்கு மட்டுமல்ல, கூரைக்குள் குடியேறும் ரக்கூனுக்கும் அணிலுக்கும் வௌவாலுக்கும் இதே முறைதான், இதே சொல் போதும். ‘போக்கடைப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் போக்கை அடைப்பது என்று படித்துவிடும் ஆபத்து உண்டு. பொருளே தலைகீழாகிவிடும்.

கடைசியாக, ஸ்கங்க் பீச்சிய நாற்றம் போகத் தக்காளிச் சாற்றால் கழுவலாமா என்று கேட்டவருக்கு: அது நாற்றத்தைப் போக்குவதில்லை, மூக்கு பழகிப்போவதால் போனதுபோலத் தோன்றும். 1993இல் பால் கிரெபாம் என்ற அமெரிக்க வேதியியலாளர் வெளியிட்ட கலவையைத்தான் இரண்டாம் பக்கத்தில் தருகிறேன். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறக்குறைய ஒரு லிட்டர், அப்பச்சோடா (பேக்கிங் சோடா) கால் கோப்பை, பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு தேக்கரண்டி. கலந்தவுடன் பயன்படுத்த வேண்டும். மூடிய போத்தலில் வைத்தால் வாயு திரண்டு போத்தல் வெடித்துவிடும்.

அன்புடன்,
ஸ்கார்பரோவிலிருந்து

———

மதுரையிலிருந்து மறுமொழி:

அன்புள்ள அம்மா,

தங்கள் மடலை இருமுறை படித்தேன். ‘அகற்றுதல்’ என்று எழுதிய எட்டுப் பேரில் நானும் ஒருவன். அதைத் திரும்பப் பெறுகிறேன். புணர்ச்சியும் சரியே: விட்டு + அடைப்பு, குற்றியலுகரம் கெட்டு விட்டடைப்பு. ஆனால் ஒரு தடை இருக்கிறது. கடையடைப்பு, கதவடைப்பு என்று படித்துப் பழகிய கண், இதை ‘வீட்டடைப்பு’ என்று படித்துவிடும். விகரத்துக்கும் வீகாரத்துக்கும் இடையே ஒரு சுழிதான். தாங்கள் சொல்லும் வாசகர்கள் முதியோர். அவர்கள் கண்ணுக்கு அந்தச் சுழி தப்பினால், வீட்டை அடைத்துவிடுங்கள் என்று பொருளாகி, தாங்கள் அஞ்சியதே நடக்கும். ‘போகவிட்டு அடைத்தல்’ என்று முழுதாக எழுதினால் என்ன?

———

ஸ்கார்பரோவிலிருந்து:

ஐயா, வணக்கம்.

நான் கவனிக்கத் தவறிய இடம் இது, நன்றி. மாலையில் பக்கத்து வீட்டு ஐயாவிடம் அச்சுப்படியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கண்ணாடி போட்டுக்கொண்டும் ‘வீட்டடைப்பு’ என்றுதான் வாசித்தார். உங்கள் கணிப்பு அப்படியே பலித்தது.

ஆகவே தலைப்பில் ‘போகவிட்டு அடைத்தல்’ என்றே போகிறது. நம் கலைச்சொற் பட்டியலில் அதையே முதன்மைச் சொல்லாகவும், ‘விட்டடைப்பு’ என்பதைக் குறுஞ்சொல்லாகவும் பதிவு செய்யுமாறு பட்டியல் பொறுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டிச் செய்தியின் இறுதி வடிவம் கீழே. பிழை இருந்தால் வியாழனுக்குள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது.

“ஸ்கங்கைப் பிடிக்க வேண்டாம், இடம்பெயர்க்க வேண்டாம். போகவிட்டு அடையுங்கள். மே முதல் ஜூலை வரை குட்டிகள் இருக்கலாம். அவை தாயோடு நடந்து வெளியே வரும்வரை ஒருவழிக் கதவைப் பொருத்தாதீர்கள். பேஸ்மென்ட் சன்னல் குழியில் ஸ்கங்க் விழுந்துவிட்டால் அதற்கு ஏறத் தெரியாது. சொரசொரப்பான நீளப் பலகை ஒன்றை மெதுவாகச் சரித்து இறக்கிவிட்டு, நாயை உள்ளே கட்டிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு உறங்கப் போங்கள்.”