கலைச்சொல் வேண்டும்: மார்கழிப் புகையை மேலே ஏறவிடாத காற்றுக்கு

ஒத்தக்கடை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக மதுரைக் காற்றைப் பற்றி ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'டெம்பரேச்சர் இன்வெர்ஷன்' ஒன்றுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை.

வழக்கமாக ஒரு கிலோமீட்டர் மேலே போனால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். தரையில் சூடான காற்று இலேசாகி மேலேறும்போது புகையும் அதோடு போய்விடும். மழை ஓய்ந்த மார்கழி, தையில், வானம் தெளிந்து காற்று அசையாத இரவுகளில் இது மாறிவிடுகிறது. தரை சீக்கிரம் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்க, வெதுவெதுப்பான காற்று அதன்மேல் நிற்கிறது. கனத்தது கீழே, இலேசானது மேலே என்றானபின் எதுவும் புரளாது. குப்பை எரித்த புகை, பஸ் புகை எல்லாம் தெருவிலேயே தங்கும். காலை ஆறரைக்குப் பள்ளி மாடியிலிருந்து பார்த்தால் யானைமலையின் இடுப்புவரை சாம்பல் பூசியதுபோல் இருக்கும், முதுகு மட்டும் பளிச்சென்று தெரியும். அந்தக் கோட்டைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறேன். 'வெப்பத் தலைகீழ் மாற்றம்' என்று சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள், ஆனால் அந்தக் கோட்டோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

பசுமலை ஐயா எழுதியது:

'கவிழ்வெப்பம்' எனலாம் அம்மா. வினைத்தொகை. கவிழ்ந்த, கவிழ்கின்ற, கவிழும் என்று முக்காலத்துக்கும் நிற்கும். இரவுதோறும் நிகழக்கூடிய ஒன்றுக்கு அது பொருத்தம்.

இதோடு காற்றின் பழம்பெயர்களையும் கையேட்டில் சேருங்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. 'வட' நீண்டு வாடை ஆனதுபோல, மேற்கைக் குறிக்கும் 'குட' திரிந்து கோடை ஆயிற்று, கிழக்கைக் குறிக்கும் 'குண' கொண்டல் ஆயிற்று என்பது என் கருத்து. கொண்டல் நீரைக் கொண்டு வருவது என்பாரும் உண்டு. எனக்கு அது உவப்பில்லை. மற்ற மூன்றும் திசையால் பெயர் பெற்றிருக்க, இது மட்டும் ஏன் வினையால் பெற வேண்டும்?

மேலூரிலிருந்து:

ஐயா, கவிழ்ந்தது என்றால் எங்கள் பக்கம் லாரியைத்தான் நினைப்பார்கள். 'மூட்டம்' நம் கையிலேயே இருக்கிறதே. ஓடு ஓட்டம், ஆடு ஆட்டம், மூடு மூட்டம். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசிக் கரிமூட்டம் போடுகிறோம். வாழைத்தாரைப் பழுக்க மூட்டம் போடுகிறோம். எல்லாவற்றிலும் புகை வெளியே போகாமல் நிற்கிறது. 'வெப்பமூட்டம்' என்று வைத்தால் ஊரில் எவருக்கும் விளக்கவே வேண்டாம். வினையும் கூடவே வந்துவிடும்: வெயில் ஏறினால் மூட்டம் கலையும்.

பசுமலை ஐயா எழுதியது:

தம்பி, கரிமூட்டம் நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் 'வெப்பமூட்டம்' ஆகாது. வெப்பம் + ஊட்டம் என்றே எல்லோரும் பிரிப்பார்கள், ஹீட்டரை வெப்பமூட்டி என்கிறோம் அல்லவா? குளிரால் நேர்வதற்குச் சூடேற்றும் பெயராகிவிடும். இன்னொன்று, மூட்டம் விளைவு. புகையே இல்லாத காட்டிலும் இந்தக் கவிழ்வு நடக்கும். காரணத்துக்கு விளைவின் பெயரைச் சூட்டக் கூடாது.

திருநகர் மருத்துவர் எழுதியது:

என் கவலை வேறு. இளைப்பு உள்ளவர்கள் மார்கழியில் அதிகாலை நடை போகிறார்கள். காற்று சுத்தமாக இருக்கும் என்று நம்பித்தான் போகிறார்கள். எட்டு, ஒன்பது மணிக்கு மேல் போங்கள் என்றால் காரணம் கேட்கிறார்கள். பிஎம் 2.5 நுண்துகளுக்கு நம் நாட்டில் 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்று சொல்லி அவர்களுக்கு விளங்க வைக்க முடியாது. "மேலே சூடான காற்று பானைமூடி மாதிரி உட்கார்ந்திருக்கிறது" என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள். 'வெப்பமூடி' போதாதா?

அப்புறம், கையேட்டில் ஆடித் தூசியை இதோடு கலந்துவிடாதீர்கள். ஆடியில் மேற்குமலை மழையைப் பிடித்துக்கொள்ள, நமக்கு வறண்ட காற்றுதான் வருகிறது. அது கண்மாய் மண்ணையும் வைகை மணலையும் கிளப்பும். கண் உறுத்தும், மூக்கு அடைக்கும், பெரும்பாலும் பெரிய துகள். மார்கழியில் நிற்பது எரிந்த புகையின் பொடி, நுரையீரலின் அடிவரை போகும். சித்திரை வெயில் எவ்வளவு வாட்டினாலும் நண்பகலில் புகையை உயரத் தூக்கிக் கலைத்துவிடுகிறது. ஐப்பசி மழை கழுவிவிடுகிறது. ஆடியில் காற்று மிகுந்து கெடுதல், மார்கழியில் காற்று இல்லாமல் கெடுதல்.

மேலூரிலிருந்து:

வெப்பமூடிக்கு என் ஆதரவு. மூட்டம் போனாலும் மூடு நிற்கிறது.

பசுமலை ஐயா எழுதியது:

வெப்பத்தை மூடுவதா, வெப்பமே மூடியாவதா? முன்னதென்றால் இரண்டாம் வேற்றுமைத்தொகை, பொருள் தவறு. படிப்பவர் முன்னதாகவே கொள்வர்.

ஒத்தக்கடை ஆசிரியை எழுதியது:

ஐயா சொன்ன ஐயம் நியாயமானது. இன்று வகுப்பில் இரண்டு சொல்லையும் கரும்பலகையில் எழுதிப் படம் போடச் சொன்னேன். கவிழ்வெப்பத்துக்குப் பலர் தலைகீழாகச் சூரியனை வரைந்தார்கள். வெப்பமூடிக்குப் பானை வரைந்தார்கள், ஒரு பெண் யானைமலையையே வரைந்து இடுப்பில் கோடு போட்டாள். சரி, கையேட்டில் வெப்பமூடி என்றே போடுகிறேன், தேர்வுக்காக வெப்பத் தலைகீழ் மாற்றம் என்பதும் ஓரத்தில் இருக்கும். கவிழ்வெப்பத்தை ஆசிரியர் குறிப்பில் சேர்க்கிறேன்.

பசுமலை ஐயா எழுதியது:

சேருங்கள் அம்மா. பாடத்தில் அதுவே வரவேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. வாடையைப் பற்றி யாரும் எழுதவில்லையே? நெடுநல்வாடையில் கூதிர்காலத்துக் குளிர்காற்றாக இருந்த சொல், இன்று நம் மதுரைத் தெருவில் கருவாட்டுக்கும் சாக்கடைக்கும் நின்றுவிட்டது. வடகாற்று எதையோ சுமந்து வந்ததால் அப்படி ஆயிற்றா, வேறு வேரா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.