பழைய எம்.ஜி.பி காருக்கு எந்த டிஸ்ட்ரிபியூட்டரை நம்பி வாங்கலாம்?

கேள்வி – கல்லடியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் ஓட்டிய 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி காரை இப்போது நான் பராமரித்து வருகிறேன். 1798 சிசி எஞ்சின், லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குத் தீப்பொறியை முறைப்படி பகிரும் கருவி). சில மாதங்களாக ஐடிலில் எஞ்சின் சீராக நிற்பதில்லை. தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்தால் கிராங் புல்லியின் குறி ஓரிடத்தில் நில்லாமல் அலைகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பொயின்ட்டின் இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்கு வைத்த பின்பும், அதன் நடுத் தண்டை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் அந்த இடைவெளி கண்ணெதிரே விரிந்து சுருங்குகிறது. மலிவாகக் கிடைத்த புதியதொன்றைப் பூட்டிப் பார்த்தேன். செங்கலடியை அடையும் முன்பே, வேகம் எடுக்கும்போதெல்லாம் எஞ்சின் தட்டத் தொடங்கியதால் கழற்றிவிட்டேன். எதை வாங்குவது? இலத்திரனியல் வகைக்கு மாறலாமா?

பதில் – கல்முனையிலிருந்து

ஐயா, குறி அலைவதற்குக் காரணம் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருப்பதே. புதியது தட்டியதற்குக் காரணம் வேறு: உள்ளிருக்கும் வெயிட்டுகளும் ஸ்பிரிங்குகளும் எந்த வேகத்தில் தீப்பொறியை எத்தனை பாகை முன்தள்ள வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறுபடும். தோற்றத்தில் ஒன்றாக இருந்து, உங்கள் துளையில் சரியாக இறங்கினாலும், அந்த அளவு பொருந்தாவிட்டால் தட்டும். பழையதன் உடலில் பொறித்துள்ள ஐந்து இலக்க எண்ணைப் பாருங்கள். அந்த முன்தள்ளல் அளவை அடையாளம் காட்டுவது அந்த எண்தான். ஆகவே பழையதை எறிந்துவிடாதீர்கள்.

என் யோசனை, அதையே புதுப்பிப்பது. நல்ல கடைசல் பட்டறையில் வெண்கலப் புஷ் போடலாம். போடுமுன் அதை ஒரு நாள் முழுவதும் எஞ்சின் எண்ணெயில் ஊறவிட வேண்டும். தண்டை எஞ்சினோடு இணைக்கும் அடிப்பக்கத்து டொக்கின் பின்னைத் தட்டி எடுக்குமுன், தண்டின் மேல்முனையில் சுழலும் ரோட்டர் பார்க்கும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். டொக் திரும்பிப் பூட்டப்பட்டால் ரோட்டர் எதிர்ப்பக்கத்தைக் காட்டும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. எஞ்சினின் உறிஞ்சலால் தீப்பொறி நேரத்தை மாற்றும் வாக்கியூம் பகுதியின் குழாயை வாயால் உறிஞ்சி நாவால் அடைத்துப் பாருங்கள்: பொயின்ட் அமர்ந்திருக்கும் தட்டு நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். திரும்பி வந்தால் உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது. பொயின்ட் கருகாமல் காக்கும் கொண்டென்சரையும் ரோட்டரையும் மலிவு பார்த்து வாங்காதீர்கள். அவையிரண்டும் பலரை நடுவழியில் நிறுத்தியிருக்கின்றன.

பதில் – அக்கரைப்பற்றிலிருந்து

மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். இலத்திரனியல் வகையை நாடுவோர் முதலில் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும்: 1966 எம்.ஜி.பி பொசிட்டிவ் ஏர்த் கார், அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனை காரின் உடலோடு (பொடி) இணைந்தது. பொயின்ட்டுக்குப் பதிலாகப் பூட்டும், நெகட்டிவ் ஏர்த்துக்கான இலத்திரனியல் மொடியூலை அதில் இணைத்தால் அது எரிந்துவிடும். இடையில் யாரேனும் மாற்றியிருக்கவும் கூடும் என்பதால், சீட்டின் பின்னாலுள்ள இரண்டு ஆறு வோல்ட் பற்றரிகளில் எந்த முனை பொடிக்குப் போகிறது என்பதை நேரில் பாருங்கள். தேய்ந்த தண்டின்மேல் மொடியூலை மட்டும் பூட்டுவதாலும் குறி அலைவது முழுமையாக நிற்காது. முழு டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்ற வசதியுண்டானால், பல முன்தள்ளல் அளவுகளில் ஒன்றைத் தெரிந்து வைக்கக்கூடிய நெதர்லாந்துத் தயாரிப்பான 123 என்ற இலத்திரனியல் டிஸ்ட்ரிபியூட்டர் நல்லது, விலைதான் அதிகம். கல்லடியில் கடலும் வாவியும் இருபுறமும் இருப்பதால், எதைப் பூட்டினாலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்று பார்த்தேன்: பொசிட்டிவ் ஏர்த் மாறவில்லை, வாக்கியூம் தட்டும் நிற்கிறது. அழுக்கைத் துடைத்ததும் எண்ணும் தெளிவாகத் தெரிந்தது. பழையதற்கே புஷ் போடக் கொடுக்கிறேன். பூட்டிய பின் டைமிங் லைட்டில் குறி எப்படி நிற்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.