ஐபோன் பேக்கப் பாதியைத் தாண்டி நின்றுவிடுகிறது. டிஸ்கில் இடம் தாராளமாக இருக்கிறது

நான்காம்தந்தி:

எல்லோருக்கும் வணக்கம். என் ஐபோன் திரையின் ஒரு பக்கம் தொட்டால் சரியாக வேலை செய்வதில்லை. திரையை மாற்றக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் உள்ளே இருக்கும் அத்தனையையும் கணினியில் எடுத்து வைத்துவிடலாம் என்று பார்த்தால், பேக்கப் முடிந்தபாடில்லை.

விண்டோஸ் 11 மடிக்கணினி, பேக்கப் எடுக்க ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள். சி டிரைவில் இடம் போதாது என்பதால் பேக்கப் விழும் கோப்புறையை வெளி ஹார்ட் டிஸ்குக்கு மாற்றி, பழைய இடத்தில் 'எம்கேலிங்க்' கட்டளையால் அதற்கு ஓர் இணைப்பு போட்டிருக்கிறேன். டிஸ்கில் 600 ஜிபிக்கு மேல் காலியாக இருக்கிறது. போனில் இருப்பது 90 ஜிபி சொச்சம்தான்.

தொடக்கத்தில் ஒரு தடையும் இல்லை. போன் பாஸ்கோட் கேட்கிறது, போடுகிறேன், பட்டை நகர்கிறது. பாதியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், 'கணினியில் சேமிக்க முடியாததால் பேக்கப் எடுக்க இயலவில்லை' என்ற பொருளில் ஒரு செய்தி வந்து நின்றுவிடுகிறது. இடம் இல்லை என்று சொல்லியிருந்தாலாவது புரிந்திருக்கும்.

அவசரத்துக்குக் காரணம் என் வயலின் வகுப்புகள். ஆசிரியர் சொல்லிக்கொடுப்பதை முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் காணொளியாகப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். உடல்நிலை காரணமாக அவர் இப்போது யாருக்கும் கற்பிப்பதில்லை. அந்த விரலசைவுகளை இனி வேறெங்கும் பார்க்க முடியாது. ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி இதற்கு எந்த மூலைக்கு? யாராவது வழி சொல்லுங்கள்.

மாடிப்படி:

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் ஏறுகிறது என்பதால் கேபிள் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருந்தால் அதை எடுத்துவிட்டு நேரடியாக மடிக்கணினியில் செருகுங்கள். கணினி நடுவில் உறங்கப் போகாதபடி பவர் செட்டிங்ஸையும் மாற்றி வையுங்கள். எனக்கு இதிலேயே சரியாகிவிட்டது.

நான்காம்தந்தி:

நன்றி மாடிப்படி. வேறு கேபிள், வேறு போர்ட் இரண்டும் பார்த்தாயிற்று. உறங்கும் நேரத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது, அதே செய்திதான் வருகிறது.

இரும்புப்பெட்டி:

நான்காம்தந்தி, உங்கள் கேள்வியிலேயே விடைக்கு வேண்டியது பாதி இருக்கிறது. பழுதான கருவிகளிலிருந்து தரவை மீட்டுக் கொடுக்கும் வேலை என்னுடையது. தோற்றுப்போன பேக்கப்பைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, எந்தக் கட்டத்தில் தோற்றது என்பதைத்தான்.

தொடங்கும்போதே விழுந்தால் அது நம்பிக்கைச் சிக்கல். போன் இந்தக் கணினியை ஏற்கவில்லை, அல்லது ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 16.1 முதல் ஒவ்வொரு முறையும் கேட்கப்படும் பாஸ்கோடை யாரும் போடவில்லை. வெவ்வேறு இடங்களில் விழுந்தால், 'ஐபோன் துண்டிக்கப்பட்டது' என்று செய்தி வந்தால், மாடிப்படி சொன்னது போல கேபிள், போர்ட், உறக்கம். உங்களுக்கு இந்த இரண்டும் இல்லை. எப்போதும் ஒரே இடம், அதுவும் 'சேமிக்க முடியவில்லை' என்ற புகார். போன் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, வாங்கி வைக்கும் பக்கம் ஒரு குறிப்பிட்ட கோப்பை வாங்க மறுக்கிறது. அப்படித்தான் எனக்குப் படுகிறது.

இரண்டு விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, அந்த வெளி டிஸ்கின் மேல் வலது சொடுக்கிட்டு அதன் பண்புகளைத் திறந்தால் கோப்பு முறைமை (டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) என்ற வரியில் என்ன இருக்கிறது? என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட், ஃபேட்32, இவற்றில் எது? இரண்டு, உங்கள் காணொளிகளில் மிக நீளமானது எவ்வளவு நேரம் ஓடும்?

வைரஸ் தடுப்பு மென்பொருளை அணைத்துப் பார், ஐடியூன்ஸை நீக்கி மறுபடி நிறுவிப் பார் என்றெல்லாம் யாராவது சொன்னால் இப்போதைக்கு வேண்டாம். போனை மட்டும் எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதீர்கள். ஒரு முழு பேக்கப் கையில் வந்து, அதை நீங்கள் திறந்து பார்க்கும் வரை அந்தப் போன் உங்கள் மேசையை விட்டு நகரக் கூடாது.

நான்காம்தந்தி:

பார்த்தேன். ஃபேட்32 என்று இருக்கிறது. முன்பு தொலைக்காட்சியில் செருகிப் படம் பார்ப்பதற்காக வைத்திருந்த டிஸ்க் அது. நீளமான வகுப்பு ஒன்றரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல். அது போல இன்னும் சில இருக்கின்றன.

இரும்புப்பெட்டி:

அதேதான்.

ஃபேட்32 முறையில் ஒரு தனிக் கோப்பின் அளவு 4 ஜிபியைத் தொட முடியாது. கணக்காகச் சொன்னால் 4,29,49,67,295 பைட் வரைதான். கோப்பின் அளவை எழுதி வைக்க அந்த முறையில் 32 பிட் மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதற்கு மேல் ஓர் எண்ணை அங்கே எழுதவே இடமில்லை. டிஸ்கில் 600 ஜிபி காலியாக இருந்தாலும் 4 ஜிபியைத் தாண்டிய ஒரே ஒரு கோப்பு உள்ளே வராது. ஐபோனில் 1080பி தரம், நொடிக்கு 30 ஃபிரேம்கள் என்ற அளவில் புதிய சுருக்க முறையில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி ஆகும். ஒன்றரை மணி நேரம் என்றால் 5 ஜிபியைத் தாண்டிவிடும். 4கே என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களிலேயே வரம்பைத் தொடுவதும் உண்டு. உங்கள் பேக்கப் முதல் பெரிய வகுப்பு வரும் வரை நன்றாக ஓடுகிறது, அது வந்ததும் விழுகிறது.

செய்ய வேண்டியது:

டிஸ்கை என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றுங்கள். அதில் வேறு முக்கியமானவை இருந்தால் முதலில் வேறெங்காவது நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'கன்வர்ட்' கட்டளையை, டிரைவின் எழுத்தோடும் என்டிஎஃப்எஸ் என்ற குறிப்போடும் கொடுத்தால், உள்ளே இருப்பதை அழிக்காமலே மாற்றிவிடும். அழிக்காது என்பதை நம்பி நகலெடுக்காமல் விட்டுவிட வேண்டாம்; நடுவில் மின்சாரம் போனால் யாரிடம் போய் முறையிடுவது? டிஸ்க் காலியாகவே இருந்தால் நேராக ஃபார்மட் செய்துவிடுவது இன்னும் சுத்தம். ஒன்று, இந்தக் கட்டளை ஒருவழிப் பாதை. ஃபேட்32க்குத் திரும்ப வேண்டுமானால் ஃபார்மட்தான் செய்ய வேண்டியிருக்கும். உங்கள் தொலைக்காட்சி என்டிஎஃப்எஸ் டிஸ்கைப் படிக்காமலும் போகலாம்.

பாதியில் நின்ற பேக்கப்பின் கோப்புறை டிஸ்கில் கிடக்கும். புதிதாகத் தொடங்கும் முன் அதை வேறிடத்துக்கு நகர்த்தி வையுங்கள். பழைய மிச்சத்தின் மேலேயே எழுத முயன்று மீண்டும் சிக்கிக்கொள்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

டிஸ்கைக் கழற்றி மாட்டும்போது அதன் எழுத்து மாறிவிட்டால் நீங்கள் போட்ட இணைப்பு ஆளில்லாத வீட்டு முகவரி ஆகிவிடும். டிஸ்க் மேலாண்மைப் பகுதியில் அந்த டிஸ்குக்கு ஓர் எழுத்தை நிலையாக ஒதுக்கிவிடுங்கள்.

கோடைமழை:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. பேக்கப் ஒழுங்காக முடிந்தது என்று சொல்கிறது, கடைசியாக எடுத்த தேதியும் சரியாகக் காட்டுகிறது. ஆனால் போனில் 70 ஜிபிக்கு மேல் படங்கள் இருக்க, பேக்கப் கோப்புறையின் மொத்த அளவே 12 ஜிபிதான். இதுவும் தோல்விதானா?

இரும்புப்பெட்டி:

கோடைமழை, நீங்கள் அளவைப் பார்த்தது மிக நல்ல காரியம். பெரும்பாலானவர்கள் தேதியைப் பார்த்ததோடு திருப்தியாகிவிடுகிறார்கள்.

உங்கள் போனில் ஐகிளவுட் போட்டோஸ் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் படங்களும் காணொளிகளும் கணினி பேக்கப்பில் சேர்க்கப்படுவதில்லை. அவை ஏற்கெனவே ஐகிளவுடில் இருக்கின்றன என்று கணக்கு. குறுஞ்செய்திகளை ஐகிளவுடில் வைத்திருந்தால் அவற்றுக்கும் இதே விதிதான். இது தோல்வி இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆனாலும் எச்சரிக்கையாக இருங்கள். போனின் இடத்தைச் சிக்கனப்படுத்தும் தெரிவும் இயங்கிக்கொண்டிருந்தால் மூலப் படங்கள் ஐகிளவுடில் மட்டுமே இருக்கலாம், போனில் இருப்பது சிறிய பிரதிகளாக இருக்கலாம். கணினியிலும் உங்களுக்கு ஒரு நகல் வேண்டுமென்றால் ஐகிளவுடிலிருந்து மூலப் படங்களைத் தனியாக இறக்கிக்கொள்ளுங்கள்.

நான்காம்தந்தி:

முடிந்துவிட்டது! டிஸ்கில் பழைய படங்கள் மட்டும்தான் இருந்தன என்பதால் ஃபார்மட்டே செய்துவிட்டேன். இந்த முறை பட்டை அந்த இடத்தைத் தாண்டிப் போவதைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மிக்க நன்றி ஐயா. எனக்கு ஐகிளவுட் போட்டோஸ் இயக்கத்தில் இல்லை, உறுதி செய்துகொண்டேன்.

ஆனால் கோப்புறையைத் திறந்தால் தலைசுற்றுகிறது. வகுப்புகள் எங்கே? இரண்டே எழுத்துப் பெயருடன் ஏகப்பட்ட துணைக் கோப்புறைகள், உள்ளே நீள நீளமாக எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்கள். எதைச் சொடுக்கினாலும் எதைக் கொண்டு திறப்பது என்று விண்டோஸ் கேட்கிறது. இதில் என் காணொளிகள் இருக்கின்றன என்று எப்படி நம்புவது?

இரும்புப்பெட்டி:

நம்ப வேண்டாம், பார்த்துவிடுங்கள். அதற்கு வழி இருக்கிறது.

ஐபோன் பேக்கப்பில் கோப்புகள் தங்கள் சொந்தப் பெயரில் சேமிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு கோப்பும் போனில் எந்தப் பகுதியில் எந்தப் பாதையில் இருந்ததோ, அதை ஷா-1 என்ற கணக்குக்கு உட்படுத்தி வரும் 40 எழுத்துகள்தான் புதிய பெயர். அதன் முதல் இரண்டு எழுத்துகளே துணைக் கோப்புறையின் பெயர், ஆகையால் மொத்தம் 256 கோப்புறைகள் வரை இருக்கும். எந்தப் பெயர் எந்தக் கோப்புக்குரியது என்ற பதிவேடு 'மேனிஃபெஸ்ட்' என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. அது இல்லாமலோ சிதைந்தோ போனால் முழு பேக்கப்பும் பெயரில்லாத குவியல்தான். எனவே அந்தக் கோப்புறைக்குள் எதையும் அழிக்கவோ பெயர் மாற்றவோ கூடாது.

நீங்கள் பேக்கப்பை மறைகுறியாக்கம் செய்திருக்கிறீர்களா, அதாவது பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருக்கிறீர்களா? 'உள்ளூர் பேக்கப்பை என்கிரிப்ட் செய்' என்ற கட்டத்தில் டிக் இல்லையென்றால் கோப்புகளின் உள்ளடக்கம் மாறாமல் அப்படியே இருக்கும். பேக்கப் கோப்புறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்புகளை மட்டும் தேடச் சொல்லுங்கள். வருபவை உங்கள் நீண்ட வகுப்புகளாகத்தான் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றை வேறொரு கோப்புறைக்கு நகலெடுத்து, அந்த நகலின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் ஐபோன் காணொளிகளுக்குரிய 'எம்ஓவி' என்ற மூன்று எழுத்தும் சேர்த்து, விஎல்சி பிளேயரில் திறங்கள். தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஓட்டிப் பாருங்கள்.

நான்காம்தந்தி:

ஓடுகிறது! முதலில் எடுத்ததே மோகன வர்ணம் சொல்லிக்கொடுத்த வகுப்பு. இரண்டாம் காலத்தில் நான் வில்லை அழுத்துவதைப் பார்த்து ஆசிரியர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தளர்த்துகிறாரே, அந்த இடம் வரை தெளிவாக இருக்கிறது. கடைசி வரை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் அறுபடவில்லை. மற்றவற்றையும் இதே போல எடுத்துத் தனியாகப் பெயரிட்டு வைக்கப் போகிறேன்.

என்கிரிப்ட் கட்டத்தில் டிக் இல்லை. போட வேண்டுமா? போனை எப்போது கொடுக்கலாம்?

இரும்புப்பெட்டி:

கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

டிக் போடாத பேக்கப்பில் சேமித்த பாஸ்வேர்டுகள், உடல்நலத் தரவு, வைஃபை அமைப்புகள், அழைப்பு வரலாறு ஆகியவை சேர்வதில்லை. அவை வேண்டுமென்றால் டிக் போட்டு இன்னொரு முறை எடுங்கள். ஆனால் அந்தப் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதை மறந்தால் அந்த பேக்கப்பைத் திறந்து கொடுக்க யாராலும் முடியாது. போனின் எல்லா அமைப்புகளையும் மீட்டமைத்தால் பாஸ்வேர்ட் நீங்கும் என்று படித்திருப்பீர்கள். அது இனி எடுக்கும் பேக்கப்புக்கு மட்டும்தான், பழையது பூட்டியே கிடக்கும்.

வரிசை முக்கியம். இப்போது கையில் இருக்கும், பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டாத பேக்கப் கோப்புறையை முதலில் முழுவதுமாக வேறொரு பெயரில் நகலெடுத்துவிடுங்கள். ஒரே போனுக்கு ஐடியூன்ஸ் ஒரே கோப்புறையைத்தான் பயன்படுத்தும், அடுத்த பேக்கப் அதன் மேலேயே எழுதும். போன் காலியாகத் திரும்பி வந்து, நீங்கள் கவனிக்காமல் செருகி, அது தானாக பேக்கப் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நகல் இருந்தால் அந்தப் பயமில்லை. முடிந்தால் அந்த நகல் இந்த டிஸ்கில் இல்லாமல் இன்னொன்றில் இருக்கட்டும்.

கொடுக்கும் நாளன்று, தொலைந்த போனைத் தேட உதவும் 'ஃபைண்ட் மை' வசதியை அணைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் மீட்டெடுக்கும் முன் போனின் ஐஓஎஸ் பதிப்பைப் பாருங்கள். பேக்கப் எடுத்தபோது இருந்ததைவிடப் பழையதாக இருந்தால் மீட்டெடுக்க விடாது. போனை அப்டேட் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.