இராணுவக் கல்லூரி நூலகம்: செயற்திட்டத்துக்கு எதைப் பார்ப்பது?

உவர்மலை மாணவி:
வணக்கம். கட்டடக்கலை மூன்றாம் வருடம் படிக்கிறேன், வீடு திருகோணமலை. ஒரு இராணுவக் கல்லூரியின் நூலகத்தை ஆராய்ந்து, அதிலிருந்து எடுத்ததை வைத்து எங்கள் ஊர்க் கரையோரத்துக்கு ஒரு நூலகம் வரைய வேண்டும். இங்கே கடற்படைத் தளத்துக்குள் 1967 முதல் கடற்படையின் கல்விக்கழகம் இருக்கிறது. ஆனால் நினைத்தவுடன் உள்ளே போய் அளவெடுக்க முடியாதே. அதனால் அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியை எடுத்தேன். 2008இல் திறந்த ஜெபர்சன் மண்டபம்தான் இப்போதைய நூலகம்.

கிடைக்கும் படங்கள் எல்லாம் வெளிச்சுவர்தான்: கருங்கல், கோதிக் எனும் பழைய ஐரோப்பியத் தேவாலயப் பாணியின் சாயல், அந்தப் பக்கம் ஹட்சன் ஆறு. பிரெட்ரிக் கோட்டை இருக்கும் ஊர்தானே, கோட்டை முகப்பு பொருந்தும் என்கிறார் குழுவில் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. முகப்பை விட்டால் இந்தக் கட்டடத்தில் எதைப் பார்ப்பது?

கம்பியும் கொங்கிரீட்டும்:
தங்கச்சி, முதலில் தளத்தைப் பாருங்கள். வீட்டுத் தளத்துக்குச் சதுர அடிக்கு 40 இறாத்தல் சுமை என்று கணக்கிடுவோம். வாசிப்பு அறைக்கு 60. புத்தக இறாக்கைகள் நிற்கும் இடத்துக்கு 150, அதாவது சதுர மீற்றருக்கு 7.2 கிலோ நியூட்டன். தண்டவாளத்தில் நகரும் நெருக்க இறாக்கை என்றால் கிட்டத்தட்ட அதன் இரட்டிப்பு. தூண் இடைவெளியும் இறாக்கை வரிசைகளின் இடைவெளியோடு ஒத்துவர வேண்டும், இல்லாவிட்டால் நடைபாதையின் நடுவில் தூண் வந்து நிற்கும். கொலராடோவில் உள்ள விமானப்படைக் கல்லூரி வளாகம் முழுவதையும் 7 அடியை அடிப்படை அளவாக வைத்து வரைந்திருக்கிறார்கள். அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற நூலகர்:
பிள்ளை, உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. வெஸ்ட் பொயின்ட்டில் கல்லூரி 1802இல் தொடங்கியது. நூலகத்தைப் பெரிதாக்கியவர் சில்வேனஸ் தேயர். ஐரோப்பாவுக்குப் போய் ஏறத்தாழ ஆயிரம் புத்தகங்களோடு திரும்பி, 1817இல் கல்லூரித் தலைவரானார். பொறியியல் நூல்கள் பிரெஞ்சில் இருந்ததால் மாணவர்கள் பிரெஞ்சு படிக்க வேண்டியிருந்தது. அங்கே முதலில் வந்தது புத்தகம், பிறகுதான் கல்.

1838இல் கல்விக் கட்டடம் தீப்பற்றிய பிறகு, 1841இல் நூலகத்துக்குத் தனிக் கட்டடம் எழுந்தது. அதன் கோபுரங்கள் வெறும் அழகுக்கு அல்ல, வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கிகள் அவற்றில்தான் இருந்தன. 1880களில் கல்லூரி மைதானத்துக்கு அடியால் ரயில் சுரங்கம் போனது. அதிர்வில் கருவிகள் ஒழுங்காக நிற்காது என்று வானாய்வகத்தை வேறிடத்தில் கட்டினார்கள். கோபுரம் ஏன் வந்தது, எப்போது அதன் வேலை முடிந்தது என்று சொல்ல முடிகிறது பாருங்கள். உங்கள் கரையோரக் கட்டடத்தில் கோட்டைக் கொத்தளம் வைத்தால் அதற்கு என்ன வேலை என்று குழுவில் கேளுங்கள். வெஸ்ட் பொயின்ட்டில் சுற்றியுள்ள கட்டடங்கள் எல்லாம் கருங்கல், புதியதும் அவற்றோடு சேர்ந்து நிற்கிறது. உங்கள் அயலில் இருப்பது ஓட்டுக் கூரையும் விறாந்தையும்.

கடலுக்குப் பக்கத்து நூலகமொன்றில்தான் என் வேலைக்காலம் போனது. மாரியில் வாடைக்காற்று தொடங்கினால் துணி அட்டைப் புத்தகங்களின் முதுகில்தான் சாம்பல் நிறப் பூஞ்சணம் முதலில் பிடிக்கும். பசையில் மாப்பொருள் இருக்கிறதல்லவா, அதுதான் அதற்குச் சாப்பாடு. வெளிச்சுவரோடு ஒட்டிய இறாக்கைகளில் எப்போதும் கூடுதலாக இருக்கும். அடுத்தது உப்பு. சஞ்சிகைகளின் நடுவில் குத்திய கம்பி துருப்பிடித்து, தாளில் இரண்டு மண்ணிறக் கறை விட்டு, நடுத்தாள் கையோடு கழன்று வரும். எந்தக் கட்டடக்கலைஞராவது அந்தத் தாளை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்திருந்தால் கடலைப் பார்த்து அவ்வளவு பெரிய ஜன்னல் வைத்திருக்கமாட்டார்.

ஆகவே புத்தகத்தை நடுவில் வையுங்கள், வாசகரைச் சுற்றிவர இருத்துங்கள். கடல் வாசகருக்கு, புத்தகத்துக்கு அல்ல. இறாக்கை எதுவும் வெளிச்சுவரைத் தொடக்கூடாது. கிழக்கிலும் வடக்கிலும் ஆழமான விறாந்தை போட்டால் வாடை மழை உள்ளே அடிக்காது. மேற்கில் கச்சான் காற்று வரும். அது உலர்ந்த காற்று, அளவாக உள்ளே விடலாம்.

உவர்மலை மாணவி:
ஐயா, மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். வடக்கு ஜன்னல் என்றால் வெயில் வராது என்று படித்தோம், அதற்கும் விறாந்தை வேண்டுமா? குளிரூட்டி போட்டால் பூஞ்சணப் பிரச்சினை தீராதா?

ஓய்வுபெற்ற நூலகர்:
வெயில் வராது என்பது வெஸ்ட் பொயின்ட் மாதிரி 41 பாகை வடக்கில் இருக்கும் ஊருக்குப் பெரும்பாலும் சரி. நாங்கள் இருப்பது எட்டரைப் பாகையில். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் முடியும் வரை மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்குப் பக்கம்தான். விறாந்தை கட்டாயம் வேண்டும்.

குளிரூட்டியை இரவும் பகலும் ஓடவிட முடிந்தால் போடலாம். பின்னேரம் பூட்டும்போது நிறுத்திவிட்டுப் போனால், குளிர்ந்த சுவரிலும் புத்தகத்திலும் இரவில் ஈரம் படியும். அது இல்லாமலே இருப்பதைவிட மோசம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நிற்கவிடாமல் பார்ப்பதுதான் கணக்கு. மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்று உங்கள் அறிக்கையில் ஒரு பந்தி எழுதுங்கள்.

கம்பியும் கொங்கிரீட்டும்:
ஐயா சொன்னபடி புத்தகம் நடுவில் வந்தால் 150 இறாத்தல் தளம் நடுப்பகுதிக்கு மட்டும் போதும், செலவும் குறையும். ஆனால் பிறகு இறாக்கைகளை வாசிப்புப் பகுதிக்கு நகர்த்த முடியாது, அதை வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள். குறுக்குவெட்டு வரைந்ததும் இங்கே போடுங்கள், தூண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.