பாதுகாப்புத் துறை டெண்டர்களில் சிறு பட்டறைகளுக்கு இடம் உண்டா?

கேள்வி – கணபதி பட்டறை:
கோவையில் சி.என்.சி. (கணினிக் கட்டுப்பாட்டு இயந்திர) பட்டறை நடத்தி, பம்ப்செட் உதிரிபாகங்கள் கடைந்து தருகிறோம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறது. ஆவடி, திருச்சி தொழிற்சாலைகளுக்கான டெண்டர்களில் முன்னனுபவம் கேட்கிறார்கள். எங்களைப் போன்றோர் எந்த வழியாக நுழைவது?

பதில் – தணிக்கையாளர்:
ஐயா, 2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் ஆணைப்படி, மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும். டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையிலும் உங்களுக்கு விலக்கு உண்டு. மிகக் குறைந்த விலை பெரிய நிறுவனத்துடையதாக இருந்து, உங்கள் விலை அதைவிட 15 விழுக்காட்டுக்குள் கூடியிருந்தால், அந்த விலைக்கு இறங்கிவந்து ஆர்டரில் ஒரு பங்கைப் பெறலாம்.

பதில் – ஆய்வுக்கூடம்:
சலுகை டெண்டரின் வாசல்வரைதான் வரும். அதன்பின் தரச் சோதனையே பேசும். கம்பியின் ஹீட் எண்ணோடு (அது உருக்கப்பட்ட தொகுதியின் எண்) பொருந்தும் சோதனைச் சான்றிதழ் இல்லையென்றால், அளவு மைக்ரான் பிசகாமல் இருந்தாலும் பாகம் திரும்பிவிடும். ஆகவே முதலில் ஒரு பெரிய ஒப்பந்ததாரருக்கு ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்துதரும் வேலை) செய்து, ஆவணப் பழக்கத்தையும் முன்னனுபவத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது. இறக்குமதிக்கு மாற்றாக உள்நாட்டில் தேவைப்படும் பாகங்களை பாதுகாப்பு அமைச்சகத்தின் ஸ்ரீஜன் இணையத் தளத்தில் பார்க்கலாம்.

பதில் – தணிக்கையாளர்:
உண்மைதான். பணம் குறித்தும் ஒரு சொல்: 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி 45 நாட்களுக்குள் தொகை வர வேண்டும், தாமதித்தால் சிறு தொழில்களுக்கான அரசின் இணையத் தளத்தில் முறையிடலாம். ஆயினும் அடுத்த ஆர்டரை எதிர்பார்ப்பவர் முறையிடத் தயங்குவார் என்பதால், பில்லின் பேரில் நிதி நிறுவனங்களிடம் முன்கூட்டியே பணம் பெற உதவும் ட்ரெட்ஸ் இணையத் தளத்தில் வாங்குபவர் இருக்கிறாரா என்று முன்பே விசாரியுங்கள்.