21 வயசு ஆயிட்டுன்னா பிள்ளைய நாட்ட விட்டு போன்னு சொல்லுறது நியாயமா? (எங்க அக்கா மவ விஷயம்)

வண்ணாரப்பேட்டைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரி வீட்ல சாப்பாட்டுக்கு முன்னால ஆரம்பிச்ச சண்டை இன்னும் முடியல, அதான் இங்க வந்து கேக்கேன். எங்க பெரியம்மா மவ அமெரிக்கால டெக்சாஸ்ல இருக்கா, எனக்கு அக்கா. அத்தான் எச்1பிங்கிற வேலை விசால போனப்ப மூத்த பிள்ளைக்கு நாலு வயசு, இடுப்புல தூக்கிட்டு போனது எனக்கு ஞாபகம் இருக்கு. இப்ப அவளுக்கு தை மாசத்தோட 21. 21 ஆயிட்டுன்னா அப்பா விசால ஒட்டிக்கிட்டு இருந்த எச்4 போயிருமாம், வேற விசா வாங்கணும் இல்லேன்னா கிளம்பணும். அங்கயே நிரந்தரமா தங்குறதுக்கான கிரீன் கார்டுக்கு போட்டு பத்து வருசத்துக்கு மேல ஆச்சு, வரிசை நகரவே மாட்டேங்கு. அவ தம்பி அங்கனயே பொறந்தவன், அவனுக்கு ஒரு பயமும் இல்ல, சிட்டிசன். ஒரே தட்டுல சாப்ட்டு வளந்த ரெண்டு பிள்ளைல ஒண்ணு அந்த ஊரு ஆளு, ஒண்ணு வந்த ஆளு.

எங்க மாமா என்ன சொல்லுதாவன்னா, "எதுக்கு ஒப்பாரி வைக்கிய, சொந்த ஊருக்குத்தான வாரா, காட்டுக்கா அனுப்புதான்". எனக்கு டக்குன்னு பதில் வரல. அவ இங்க திருநெல்வேலிக்கு வந்தது மொத்தம் ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை தண்ணி ஒத்துக்காம நாலு நாள் ட்ரிப்ஸ் ஏத்துனோம். தமிழ் புரியும், பேசுனா நம்ம காதுக்கு புரியாது. ஜங்ஷன்ல இறக்கி விட்டா வண்ணாரப்பேட்டைக்கு வழி தெரியாது பிள்ளைக்கு. இத சொந்த ஊருன்னு எப்படி சொல்ல?

டவுன் அல்வா:
மாமா சொல்லுறதுல என்ன தப்பு வே. அவன் நாடு, அவன் சட்டம். விசா ஸ்டாம்ப் அடிக்கும்போதே தற்காலிகம்னு சொல்லித்தான குடுத்தான், டாலர் சம்பாதிக்கும்போது இனிச்சுது இப்ப கசக்கோ. பிள்ளைக்கு அநியாயம் நடந்துச்சுன்னா அத செஞ்சது அம்மையும் அப்பனும்தான், அமெரிக்கா இல்ல. பாளையங்கோட்டைல இல்லாத காலேஜா, தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டுன்னு சொல்லிக்கிடுதோம், வந்து படிக்கட்டும். 2025 பிப்ரவரில விசா இல்லாம இருந்தவங்கன்னு கையில காலுல வெலங்கு போட்டு ராணுவ பிளேன்ல 104 பேர அமிர்தசரஸ்ல கொண்டாந்து இறக்குனான், அதுக்கு இது எவ்வளவோ மேல்.

கல்லிடை அப்பளம்:
அண்ணாச்சி கொஞ்சம் நிதானம். அந்தப் பிள்ளைய யாரும் வெலங்கு போட்டு அனுப்பல, இதுக்கு பேரு ஏஜ் அவுட். ஆனா முடிவு ஒண்ணுதான், வேற விசா கிடைக்காம தங்குனா சட்டவிரோதம்.

வரிசை ஏன் நகரல? வேலை அடிப்படைல வருசத்துக்கு ஏறக்குறைய 1,40,000 கிரீன் கார்டு, அதுல பொண்டாட்டி பிள்ளை கணக்கும் சேத்தி. எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல கிடையாது, குட்டி நாட்டுக்கும் அதே 7, நம்மளுக்கும் அதே 7. வயச கொஞ்சம் கழிச்சு கணக்கு பாக்க 2002ல ஒரு சட்டம் போட்டாங்க, ஆபீஸ்ல பேப்பர் கிடந்த நாள மட்டும் கழிக்கலாம், வரிசைல நின்ன வருசத்த கழிக்க முடியாது. அதான் நிறைய பிள்ளைங்களுக்கு அது பத்தல.

இதுல இன்னொரு கூத்து. 2012ல ஒபாமா டாக்கான்னு ஒண்ணு கொண்டு வந்தாரு, சின்ன வயசுல கொண்டு வரப்பட்ட பிள்ளைங்கள அனுப்பாம வேலை பெர்மிட் குடுக்க. அதுல நிபந்தனை என்ன தெரியுமா, 2012 ஜூன் 15 அன்னிக்கு விசா இல்லாம இருந்திருக்கணும். ஒழுங்கா விசாவோட இருந்த பிள்ளைக்கு அது கிடையாது! டாக்கா பிள்ளைங்களும் சுகமா இல்ல, அது கோர்ட்டு கோர்ட்டா இழுபடுது, அதுவேற கதை. விசாவோட வளந்த நம்ம பிள்ளை மாதிரி ஆளுங்களுக்காக 2021ல ஒரு மசோதா கொண்டு வந்தாங்க, அது சட்டம் ஆகல.

டவுன் அல்வா:
சரி சட்டம் கோணல்னே வச்சிக்கிடுவோம். ஆனா வந்தவன் பிள்ளை எல்லாத்துக்கும் இடம்னு சொன்னா நாளைக்கு எவன் வேணா பிள்ளைய முன்னால அனுப்பி வைப்பான்லா. அதுக்கு என்ன சொல்லுதிய?

லயத்துப் பிள்ளை:
இந்த தளத்துல நான் வாசிக்க மட்டும்தான் செய்வேன், எழுதுனது இல்ல. "சொந்த ஊருக்குத்தான" ன்னு பாத்ததும் கை நிக்கல.

எனக்கு 62 நடக்கு. பொறந்தது சிலோன்ல, ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதாவது கூலிக்காரங்க இருக்கிற வரிசை வீட்டுல. அம்மா கொழுந்து எடுக்க, அப்பா கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடிய வெட்டி விட. எங்க தாத்தாவுக்கு அப்பா காலத்துல சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி கூட்டிட்டு போனது. 1948ல சட்டம் போட்டு எங்க ஆளுங்கள நாடில்லாதவங்க ஆக்கிட்டாங்க. 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் அந்த அம்மா சிறிமாவோவும் கையெழுத்து போட்டாங்க, 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கிடணும், 3,00,000 பேர அவங்க வச்சிக்கிடணும், மிச்சம் ஒண்ணரை லட்சத்த பொறவு பேசுவோம்னு. அதுல "இயற்கைப் பெருக்கம்"னு ஒண்ணு உண்டு, அதாவது அதுக்கு அப்புறம் பொறக்கிற பிள்ளையும் அந்தந்த கணக்குல சேத்தி. நான் அப்ப கைப்பிள்ளை. என் தங்கச்சி பொறக்கவே இல்ல, அவளுக்கும் சேத்து எழுதியாச்சு.

1973ல வந்தோம். தலைமன்னாருக்கு போற ரயில எங்க தோட்டத்துல அழுகைக் கோச்சின்னுதான் சொல்லுவாங்க. சித்தப்பாவுக்கு சிலோன் பிரஜை, எங்களுக்கு இந்தியா. கோச்சி நகரும்போது சித்தப்பா மவன் ஓடி வந்தான், அவன நான் அப்புறம் பாக்கவே இல்ல. கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கார்டு எழுதுனாங்க. சர்க்கார் காயிதத்துல எங்களுக்கு பேரு "தாயகம் திரும்பியோர்". பத்து வயசு பய எங்க போயி எங்க திரும்புனேன்?

சங்கரன்கோவில் போனோம். தாத்தா வீட்டுத் தாவாரத்துல வேற ஆளு கட்டில் போட்டு படுத்திருந்தாரு, ஒறவுதான், சோறு போட்டாங்க, மறுநாள் எப்ப கிளம்புதியன்னு கேட்டாங்க. அந்த வெயில். நான் குளிர்ல வளந்தவன், உடம்பெல்லாம் கொப்புளம். பள்ளிக்கூடத்துல ரயில கோச்சின்னு சொல்லிட்டேன், வகுப்பே சிரிச்சுது, அன்னைல இருந்து பத்தாவது முடியுற வரைக்கும் என் பேரு கோச்சி. அங்க இருக்கும்போது இந்தியாக்காரன், இங்க வந்தா சிலோன்காரன். இத்தனைக்கும் எனக்கு தமிழ் தெரியும் தம்பி. அந்தப் பிள்ளைக்கு அதுவும் இல்லங்கிய.

எங்க அப்பாவ நான் குத்தம் சொல்லல. அவரு எதை எழுதிக் குடுத்தாருன்னு அவருக்கே தெரியாது. டவுன் அல்வா அண்ணாச்சி, பெத்தவன் தப்புன்னு சுலுவா சொல்லிட்டிய.

சேரன்மாதேவி டீச்சர்:
ஐயா, உங்க பதிவ ரெண்டு தடவை வாசிச்சேன்.

அமெரிக்காவ பேசுற நம்ம இங்க பக்கத்துலயும் பாக்கணும். கோபாலசமுத்திரம் இலங்கை அகதி முகாம் நம்ம ஊர்ல இருந்து எவ்வளவு தூரம்? அங்க இருந்து என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி, ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரில பொறந்தவ, எந்த ஊருன்னு கேட்டா திருநெல்வேலின்னு சொல்லுவா, நம்மளவிட நல்லா "ஏட்டி"ன்னு கூப்பிடுவா. பிளஸ் டூ முடிச்சு காலேஜும் முடிச்சுட்டா, பாஸ்போர்ட் எடுக்க முடியாது, சர்க்கார் பரீட்சை எழுத முடியாது. ஏன்னா 1987 ஜூலைக்கு அப்புறம் இங்க பொறந்தா மட்டும் பத்தாது, அம்மா அப்பால ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். 2004 டிசம்பர்ல இருந்து இன்னும் கட்டி, இன்னொருத்தர் சட்டவிரோதமா வந்தவரா இருக்கக் கூடாது. 1986ல மண்டபம் முகாம்ல பொறந்த ஒரு அம்மா கோர்ட்டுக்கு போயி 2022ல மதுரைல ஜெயிச்சு 2024ல முத ஓட்டு போட்டாங்க. ஒண்ணரை வருசம் பிந்தி பொறந்திருந்தா அதுவும் இல்ல. 2021ல முகாமுக்கு "மறுவாழ்வு முகாம்"னு பேரு மாத்துனாங்க, நல்லதுதான், பேரு மாறிச்சு.

அவள யாரும் அனுப்பல. அனுப்ப மாட்டோம்னும் யாரும் எழுதிக் குடுக்கல. பார்க்காத யாழ்ப்பாணத்த அவளுக்கு சொந்த ஊருங்காங்க.

எவன் வேணா பிள்ளைய முன்னால அனுப்புவான்னு டவுன் அல்வா அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு என்கிட்ட முழு பதில் இல்ல. ஆனா ஆஸ்திரேலியால ஒரு வழி வச்சிருக்கான், அங்க பொறந்து பத்து வயசு வரைக்கும் அங்கயே வளந்த பிள்ளை, அப்பன் அம்மை யாரா இருந்தாலும் பத்தாவது பிறந்தநாள்ல பிரஜை ஆயிரும். அதே ஆஸ்திரேலியாதான் பிலோயிலா ஊர்ல இருந்து நம்ம ஈழத்துக் குடும்பத்த 2018ல விடியக்காலைல தூக்குனான், அங்கயே பொறந்த ரெண்டு சின்னப் பொம்பளப் பிள்ளைங்க, கிறிஸ்மஸ் தீவுல ஏறக்குறைய ரெண்டு வருசம் அடைச்சு வச்சான். அந்த ஊரு வெள்ளைக்காரங்களே விடாம போராடி 2022ல திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. என்னக் கேட்டா வளந்த வருசத்தத்தான் கணக்குல எடுக்கணும், பொறந்த எடத்த இல்ல. பத்தா பதினஞ்சாங்குறத பேசி முடிவு பண்ணிக்கிடலாம்.

டவுன் அல்வா:
ஐயா, கோச்சின்னு கூப்பிட்டவங்கள்ள எங்க சாச்சாவும் இருந்திருப்பாரு, அந்தப் பக்கம்தான் படிச்சாரு. பிள்ளை விஷயத்துல டீச்சர் சொல்லுற வருசக் கணக்கு சரின்னு படுது. பெத்தவங்க விஷயத்துல என் பேச்சு அதே பேச்சுதான்.

வண்ணாரப்பேட்டைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. லயத்துப் பிள்ளை ஐயா எழுதுனத மாமாவுக்கு வாசிச்சு காட்டுனேன், ஒண்ணும் பேசல, எந்திரிச்சு போயி டிவி சத்தத்த கூட்டிட்டாவ.

அக்கா போன் பண்ணுனா. இப்போதைக்கு படிக்கிற விசா, எஃப்1க்கு மாத்தப் பாக்காங்க. அதுல பாருங்க, "எனக்கு இந்தியால வீடு இருக்கு, படிச்சு முடிச்சு அங்கதான் போவேன்"னு காட்டணுமாம். நாலு வயசுல இருந்து அங்க வளந்தவ, தன் வீடு வண்ணாரப்பேட்டைனு நிரூபிக்கணும்! வக்கீல் கேட்டாருன்னு ஆச்சி வீட்டு தீர்வை ரசீத ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொன்னா. பீரோவ கொட்டிக் கவுத்து எடுத்தாச்சு. ஆனா ரசீது இன்னும் ஆச்சி பேர்லதான் வருது, ஆச்சி தவறி ஆறு வருசம் ஆச்சு. இத யாராவது மாத்தியிருக்கியளா?

கல்லிடை அப்பளம்:
இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ரெண்டும் கையில இருக்கா? இருந்தா நாளைக்கு காலைலயே கார்ப்பரேஷன் ஆபீஸ் போங்க, மத்தியானம் போனா ஆளு இருக்காது.